கச்சேரிப் படத்தில் இல்லாத கிட்டார்க்காரன்

தேனியில் ஒரு ஹெவி மெட்டல் குழு இருந்தது. இதைச் சொன்னால் புதிதாக வீடியோத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் சிரிக்கிறீர்கள். மதுரையிலிருந்து மாவட்டம் பிரிந்து பத்து வருடம் ஆகியிருந்த சமயம் அது. சின்ன டேப்பில் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, டிவிடியாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நான் பத்திரிகையில் படம் எடுக்கும் வேலையை விட்டுவிட்டு, தேனியில் ஒரு மாடி அறையில் வீடியோ ஸ்டுடியோ நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், இவைதான் எங்கள் பிழைப்பு. எடிட்டிங் முழுக்க செல்வம் கையில். கடை தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருந்தவன்.

மென்பொருள் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எதை வைப்பது, எதை எடுப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்ல முடியும். அதற்கு இந்தக் குழுவின் கதை போதும்.

பாடுகிறவன் பெயர் சுரேந்திரன். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர் மகன். அடித்தொண்டையிலிருந்து உறுமுவதுதான் அவன் பாட்டு. அவன் அப்பா ஒருநாள் என் எதிரிலேயே, "ஏலே, தொண்டையில என்னமோ சிக்கியிருக்குடா. மதுரைக்குப் போயி ஒரு டாக்டரப் பாத்துட்டு வா" என்றார்.

"இதுதாம்ப்பா பாட்டு."

"அதுக்குத்தாண்டா டாக்டரப் பாக்கச் சொல்றேன்."

கிட்டார் வாசிப்பவன் சாமுவேல். போடி கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசித்துப் பழகியவன். எல்லாப் பாட்டுக்கும் மெட்டு அவனுடையது. தோள் வரை முடி வளர்த்திருந்தான். அதற்காக அவன் அப்பா பேச்சை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. டிரம்சுக்கும் பேஸ் கிட்டாருக்கும் கல்லூரி நண்பர்கள் இருவர் இருந்தார்கள்.

"முழுக் கச்சேரியையும் சினிமா மாதிரி எடுக்கணும்ணே. கல்யாண வீடியோ மாதிரி இருக்கக் கூடாது" என்று சுரேந்திரனும் சாமுவேலும் வந்து கேட்டார்கள்.

"கல்யாண வீடியோ உங்களுக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றான் செல்வம்.

ஒத்துக்கொண்டேன். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைப் பெட்டி அடுக்கும் கொட்டகையில் அவர்கள் பயிற்சி செய்வார்கள். ஒரு மாலை அங்கே போய் சுவரொட்டிக்காக ஆளுக்கு ஒரு புகைப்படம் எடுத்தேன். சாமுவேல் படம் நன்றாக வந்திருந்தது. முடி முகத்தில் பாதியை மறைக்க, இடது கை விரல்கள் நான்கும் கிட்டாரின் கழுத்தில் அழுந்தியிருக்க, பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறான்.

அந்த டிசம்பரில் மேகமலைத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீடுகளில் கிறிஸ்துமஸ் பாடல் பாடப் போன சாமுவேல், திரும்பும்போது சின்னமனூர் இறக்கத்தில் ஒரு வளைவில் பைக்கோடு சறுக்கி விழுந்தான். ஜல்லி பெயர்ந்த சாலை. முதுகில் மாட்டியிருந்த கிட்டாருக்கு ஒரு கீறல்கூட இல்லை. மண்டையில் தையல் போட்டார்கள். இடது தோள் தரையில் மோதியதில் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் வேரோடு பிய்ந்துவிட்டன என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கை இருந்தது. அதற்கு வேலை இல்லாமல் போனது.

கச்சேரிக்கு மண்டபம் முன்பே பேசியிருந்தார்கள். ரத்து செய்வது என்று சுரேந்திரன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்ல, சாமுவேல்தான் வேண்டாம் என்றிருக்கிறான். "பாட்டு எல்லாம் இருக்கு. வாசிக்க ஒரு ஆளைப் பிடி."

பிடித்து வந்த ஆள் சஜி. குமுளிக்காரன், தேக்கடி ஹோட்டல்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாசிப்பவன், இவர்களைவிட நாலைந்து வயது மூத்தவன். தமிழ் பாதி மலையாளம் பாதியாகப் பேசுவான். முதல் நாள் என்னிடம் தனியாக வந்து, "சேட்டா, ஞான் வாசிக்கும், அது பிரச்சினை இல்ல. ஆனா அந்தப் பையன் எதிர்ல இருக்கும்போ என் கை விறைக்குது" என்றான்.

மெட்டுகள் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. எல்லாம் சாமுவேல் தலைக்குள் இருந்தன. அவன் வாயால் பாடிக் காட்டுவான், சஜி கிட்டாரில் தேடிப் பிடிப்பான். சாமுவேல் தலை மொட்டையாகி முடி அப்போதுதான் துளிர்த்திருந்தது. பாதி ஆளாக மெலிந்திருந்தான். இடது கையை வலது கையால் தூக்கி, ஒரு பொருளைச் செருகுவதுபோல் பேண்ட் பைக்குள் வைத்துக்கொண்டு உட்காருவான்.

"டடாங்... இல்ல சேட்டா, அங்கன இழுக்கணும். இழுத்து விடாமப் பிடிச்சுக்கணும்."

"இங்ஙனயா?"

"அது சாப்பாட்டு நேரத்துக்கு வாசிக்கிறது. டூரிஸ்ட்டு இட்லியத் தொண்டையில இறக்கட்டும்னு வாசிக்கிறீக. இது அப்படி இல்ல, அவனுக்கு விக்கணும்."

சஜி விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குப் பிறகுதான் அவன் கை இளகியது.

ஒரு நாள் ஒரு பகுதி சஜிக்கு எவ்வளவு முயன்றும் பிடிபடவில்லை. சாமுவேல் எழுந்து அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, "நீங்க இடது கைய மட்டும் பாருங்க" என்று சொல்லி, தன் வலது கையால் அந்தக் கிட்டாரின் கம்பிகளை மீட்டத் தொடங்கினான். ஒரே கிட்டாரில் ஒருவன் இடது கையும் இன்னொருவன் வலது கையும்.  நான் கேமராவைத் தூக்கிவிட்டேன். பத்திரிகையில் இருந்தவனுக்குக் கை தானாகப் போகும். முதலில் எடு, அனுமதி பிறகு கேள் என்பதுதான் அங்கே பழக்கம்.

சாமுவேல் நிமிராமலே, "அண்ணே, கேமராவக் கீழ வைங்க" என்றான்.

வைத்துவிட்டேன். முழுப் படத்துக்கும் அதைவிட நல்ல காட்சி கிடைத்திருக்காது. பத்திரிகைக்காக அங்கே நின்றிருந்தால் எடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் அவர்கள் கூப்பிட்டு வந்தவன். யார் கூப்பிட்டு வந்தோம் என்பதை வைத்துச் சில காட்சிகள் நமக்குச் சொந்தமாகும், சில ஆகாது.

பயிற்சி முடிந்ததும் என்னிடம் வந்து தெளிவாகச் சொன்னான். "படத்துல நான் ஒரு எடத்துலயும் வரக்கூடாதுண்ணே. என்னைக் காட்டினா ஜனம் சஜி வாசிக்கிறதைக் கேக்காது. என் கையத்தான் பாக்கும். அவரு பாவம், இவ்வளவு பாடுபடுறாரு."

சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து அவன் அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். போடியிலிருந்து பஸ்ஸில் தனியாக. மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு நாற்காலியில் உட்கார்ந்து, செல்வம் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "எம்புள்ள மொகம் அந்தப் படத்துல எங்கனயாவது ஒரு எடத்துல வரணும் தம்பி" என்றார்.

"அவன் வேணாம்னு சொல்லியிருக்கானேம்மா."

"அவன் சோறுகூட வேணாம்னுதான் சொல்றான். அதுக்காகப் போடாம இருக்கேனா? மூணு வருசமா ராவும் பகலும் அதத்தான் கட்டிக்கிட்டுக் கெடந்தான். அவுக அப்பா திட்டுவாக, நான் மறைச்சு மறைச்சுச் சோறு போட்டேன். இப்ப எல்லார் மொகமும் வரும், இவன் மொகம் மட்டும் வராதுன்னா?"

என்னால் வாக்கை மீற முடியாது என்றேன். அவர் சண்டை போடவில்லை. போகும்போது செல்வத்திடம் படியில் நின்று ஏதோ பேசியது மட்டும் தெரிந்தது.

கச்சேரி நடந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மண்டபத்து மேலாளர், "இது நாதஸ்வரம் வச்ச மேடை. மொதல்ல ஒரு பிள்ளையார் பாட்டுப் பாடிட்டு அப்பறம் என்னத்தையும் கத்துங்க" என்று நிபந்தனை போட்டார். சுரேந்திரன் பிள்ளையார் பாட்டையும் அதே குரலில் உறுமினான். மேலாளர் கொஞ்சம் மிரண்டாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சஜி நன்றாக வாசித்தான். எங்கள் மூன்று கேமராக்களில் எதிலும் விழாத இடம் எது என்று என்னிடமே கேட்டு, மேடைக்குப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் சாமுவேல் நின்றுகொண்டான்.

எடிட்டிங் முடிந்து முழுப் படத்தையும் பார்த்து நான் சரி சொன்னேன். டிஸ்க்கில் எழுதும் வேலையைச் செல்வத்திடம் விட்டுவிட்டுக் கம்பத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன்.

இங்கே செல்வத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கல்யாண வீடியோ எதை எடுத்தாலும் ஆரம்பத்தில் என்ன வரும்? சாமி படம், அடுத்து மாப்பிள்ளை வீட்டிலும் பெண் வீட்டிலும் இறந்துபோன பெரியவர்கள். நீள்வட்டத்துக்குள் முகம். கீழே ஒரு விளக்கு. மேலிருந்து பூ உதிரும். பின்னணியில் வீணையோ புல்லாங்குழலோ மெதுவாக. அதைப் போடாவிட்டால் டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். செல்வம் அந்த வேலையில் கெட்டிக்காரன். விசேஷத்தில் இல்லாத ஒருவருக்குப் படத்தில் மரியாதை செய்ய வேண்டுமென்றால் அவன் கைக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

படத்தைக் குடும்பத்தாருக்குப் போட்டுக் காட்ட போடியில் ஒரு சின்ன மண்டபத்தின் சாப்பாட்டு அறையைப் பிடித்திருந்தார்கள். ஞாயிறு பிற்பகல். ஜன்னல்களில் ஜமுக்காளம் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தோம். காமயகவுண்டன்பட்டியிலிருந்து சுரேந்திரனின் சொந்தக்காரர்கள் வேனில் வந்திருந்தார்கள். சாமுவேல் அம்மாவோடும் அப்பாவோடும் மூன்றாவது வரிசையில். சஜிக்கு ஹோட்டலில் விடுப்புக் கிடைக்கவில்லை. நான் பின்னால் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றேன்.

படம் தொடங்கியது. நான் பார்த்திராத ஒன்று திரையில் வந்தது. நீள்வட்டத்துக்குள் சாமுவேல். நான் கொட்டகையில் எடுத்த புகைப்படம், முகம் மட்டும். கீழே விளக்கு. பூ உதிர ஆரம்பித்தது. வீணை.

வேனில் வந்தவர்களுக்கு சாமுவேலைத் தெரியாது. தோள் வரை முடியோடு சிரிக்கும் அந்த முகத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மொட்டைத் தலைப் பையனுக்கும் அவர்களால் முடிச்சுப் போட முடியவில்லை. ஒரு அம்மாள், "த்சு, சின்ன வயசு" என்றார். பெரியவர் ஒருவர் தோளிலிருந்து துண்டை எடுத்துக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார். அவரைப் பார்த்து அந்த வரிசையே எழுந்தது. பின் வரிசையும் எழுந்தது. இறந்தவருக்கு அஞ்சலி என்று எண்ணி எழுந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சாமுவேலும் எழுந்து நின்றான்.

கையைப் பைக்குள் வைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "உக்காருடா. சாமு, உக்காருடா" என்றார். அறை முழுக்கக் கேட்டது.

ரிமோட் என் கையில் இருந்தது. இப்படி ஒரு நேரத்தில் நிறுத்தத்தான் விரல் முதலில் போகும். உங்களுக்கும் போகும். ஆனால் தற்காலிகமாக நிறுத்தினால் அந்த முகமும் விளக்கும் திரையில் உறைந்து நிற்கும். முழுதாக நிறுத்தினால் நீலத் திரை வரும், யாராவது விளக்கைப் போடுவார்கள், என்ன என்ன என்று கேட்பார்கள், எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் எதையும் அழுத்தவில்லை. பூ உதிர்ந்து முடியட்டும் என்று ஓடவிட்டேன். வீணை அடங்கியது. டிரம்ஸ் இடித்தது. சுரேந்திரன் உறுமினான்.

நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியவில்லை. இத்தனை மாதம் என் காதைக் கெடுத்த இசைக்கு அன்றுதான் நன்றி சொன்னேன். சாமுவேல் எப்போது உட்கார்ந்தான் என்று நான் பார்க்கவில்லை.

படம் முடிந்து காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது, துண்டை எடுத்துவிட்டு நின்ற அந்தப் பெரியவர் சாமுவேல் பக்கத்தில் வந்து நின்றார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

"மொதல்ல காட்டுனாகளே, அந்தத் தம்பி எப்பத் தவறுனாரு?"

"கிறிஸ்துமசுக்கு முந்தி" என்றான் சாமுவேல்.

"என்னாச்சு?"

"பைக்கு. மேகமலை ரோட்டுல."

"அடப் பாவமே. நமக்குச் சொந்தமா?"

"ஆமா பெருசு. ரொம்ப நெருக்கம்."

பெரியவர் அவன் வலது தோளைத் தொட்டு ஆறுதலாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

செல்வம் வெளியே படியில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்திருந்தான். "அந்தம்மா அழுதாகண்ணே. கச்சேரியிலதான அவன் வரக்கூடாதுன்னான், முன்னாடி மரியாதையா ஒண்ணு போட்டா என்னன்னு நெனைச்சேன். உயிரோட இருக்கிறவனுக்கு இதப் போடக் கூடாதுன்னு தோணவே இல்லண்ணே, எப்பயும் போடுறதத்தான போட்டேன்" என்றான். எழுந்து, "போயி அவுக கால்ல விழுந்துர்றேன்" என்று உள்ளே போகப் பார்த்தான்.

கையைப் பிடித்து நிறுத்தினேன். "இப்பப் போனா உன்னைத் தேத்துற வேலையும் அவுகளுக்குத்தான் வரும். அதையும் அவுக தலையில வைக்காத. வீட்டுக்குப் போ."

இது கடுமையாகத் தோன்றலாம். தவறு செய்தவுடன் மன்னிப்புக் கேட்பது பல நேரங்களில் நம் பாரத்தை இறக்கிவைக்கத்தான். எதிரில் இருப்பவர் அதைச் சுமக்கும் நிலையில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

அன்று மாலையே சாமுவேலின் அப்பா போன் செய்தார். அதுவரை இந்தப் படத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "அத எடுத்துருங்க" என்றார். அவ்வளவுதான்.

எடுப்பதற்குள் சாமுவேல் வந்தான். செல்வம் இல்லாத நேரம். எடிட்டிங் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"அத எடுக்காதீகண்ணே. இருக்கட்டும்."

"விளையாடுறியா?"

"இல்லண்ணே. ஆஸ்பத்திரியில இருந்து இன்னிக்கு வரைக்கும் வாரவுக எல்லாரும் சரியாயிரும், சரியாயிரும்னுதான் சொல்றாக. டாக்டர் சரியாகாதுன்னு சொன்ன பெறகும் சொல்றாக. அம்மா தைலம் தேய்க்கிறாக. அப்பா என்னைக் கடையில உக்காரச் சொல்றாரு, இத்தன வருசம் பேசாம இருந்தவரு இப்ப அவ்வளவு தன்மையாப் பேசுறாரு. செல்வண்ணன் ஒருத்தருதான் போனது போச்சுன்னு ஒத்துக்கிட்டவரு. அந்தப் பாட்டெல்லாம் ஆக்குனவன் இல்லண்ணே இப்ப. அவனுக்கு ஒரு விளக்காவது வச்சாரு. அந்த வேன் ஆளுக எந்திரிச்சு நின்னாகல்ல, எனக்கு அன்னிக்குத்தான் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுச்சு."

அவன் பேசிய தொனியில் அழுகை இல்லை.  அவன் சொன்ன எதையும் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"நான் பத்திரிகையில இருந்தவன் சாமு. இறப்புச் செய்தி போடணும்னா வீட்டாள் ஒருத்தர் உறுதிப்படுத்தணும். இன்னார் இறந்துட்டார்னு இன்னாரே வந்து சொன்னா வாங்க மாட்டோம். உங்கம்மா சொல்லட்டும், போடுறேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவுக எப்படிண்ணே சொல்லுவாக?"

"அப்பப் போட முடியாது."

சிரிப்பு சட்டென்று நின்றது.  பிறகு, "சரி, எடுத்துருங்க. வேற எங்கயும் என்னைப் போட்டுறாதீக" என்று எழுந்தான். மெட்டு என்ற இடத்தில் பெயர் வர வேண்டுமே என்றேன். அதற்கு மட்டும் தலையாட்டினான்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவனைப் புரிந்துகொண்டதாக அவன் நினைத்த ஒரே செய்கையை நான் என் கையால் அழித்தேன். என் தரப்பு இதுதான்: அன்றைய நிலையில் அவன் சொன்னது உண்மை. பத்திரிகை என்றால் மறுநாள் பொட்டலம் கட்டப் போய்விடும். டிவிடி அப்படி இல்லை. அவனைத் தெரியாதவர்கள் பார்ப்பார்கள், அவனே நாற்பது வயதில் எடுத்துப் பார்ப்பான். இருபத்துமூன்று வயதில் ஒருவன் தனக்குத்தானே வைத்த விளக்கை அதில் நிரந்தரமாக எரியவிட எனக்குத் துணிவு இல்லை. நீங்கள் என் இடத்தில் இருந்தால் வேறு மாதிரி முடிவு செய்யலாம். அதற்கும் காரணம் இருக்கும்.

முகப்பை எடுத்துவிட்டுப் படத்தை முழுதாக மறுபடி ஓட்டினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கடினமான இடம் வரும்போதெல்லாம் சஜி வாசித்துக்கொண்டே தலையைத் திருப்பி மேடைக்கு வெளியே ஒரு பக்கம் பார்க்கிறான். திரைக்குப் பின்னால் சாமுவேல் நின்ற பக்கம். அங்கே நின்று அவன் வாயால் மெட்டைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான், சஜி அந்த உதட்டைப் பார்த்து வாசித்திருக்கிறான். சட்டகத்துக்கு வெளியே இப்படிப் பார்ப்பதை எடிட்டிங்கில் வெட்டிவிடுவது நம் வழக்கம். மற்ற கேமராவில் மாற்றுக் காட்சியும் இருந்தது. ஒன்றைக்கூட வெட்டவில்லை.

சாமுவேலின் அம்மா டிஸ்க் வாங்க வந்தபோது உட்காரவைத்து அந்த இடங்களைப் போட்டுக் காட்டினேன். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

"இந்தக் குமுளிப் பையன் யாரப் பாக்குறான் தெரியுதாம்மா? உங்க மகனைத்தான். படம் முழுக்கப் பாக்குறான்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஒருதரம் போடச் சொன்னார். போட்டேன்.

"நீங்க நல்லபடியாத்தான் செஞ்சிருக்கீக தம்பி" என்றார். "எனக்கு எம்புள்ள மொகம்தான வேணும்னேன்."

 என்னிடம் சொல்ல இருந்ததெல்லாம் எடிட்டிங் அறையில் அமர்ந்திருப்பவனுக்குப் புரிகிற நியாயங்கள். மகன் கேட்டதைக் கொடுத்துவிட்டேன். இவர் கேட்டது கிடைக்கவில்லை. நடுவில் ஒரு சாமர்த்தியமான ஏற்பாட்டைக் காட்டி இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டதாக நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்வம் தன் மேஜையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். அந்த மண்டபத்து நாளுக்குப் பிறகு அவரை அன்றுதான் பார்க்கிறான். அவர் அவன் பக்கம் திரும்பினார்.

"நீ போட்டியே தம்பி, ஒரு படம்."

அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"அந்த விளக்கு, பூவு, அது ஒண்ணும் இல்லாம அந்தப் படம் இருக்குமா? முழுசா?"

"இருக்கும்மா."

"கையும் தெரியுமா?"

"ரெண்டு கையும் தெரியும்மா."

பெரிய அளவில் அச்சிட்டுக் கொடுத்தோம். முடி மறைத்த முகம், சிரிப்பு, கிட்டாரின் கழுத்தில் அழுந்திய நான்கு விரல்கள். அவர் விளிம்புகளை மட்டும் பிடித்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பெரிய படம் என்றால் கண்ணாடி போட்டு ஃப்ரேம் மாட்டிக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். செல்வம் மரச் சட்டங்களின் மாதிரிகளை எடுத்து வந்து மேஜையில் வைத்து, எது வேண்டும் என்று கேட்டான்.

"ஃப்ரேம் வேணாம் தம்பி" என்றார். "ஃப்ரேம் போட்டா வீட்டுல யாராச்சும் சுவத்துல மாட்டிப்புடுவாக. பீரோவுல சேலைக்குக் கீழ வச்சுக்கிறேன்."

செல்வம் சட்டங்களை எடுத்து வைத்தான். படத்தை மடங்காமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, நூலால் கட்டிக் கொடுத்தான்.